சூடு பைக்குள் இல்லை... உடம்புக்குள் இருக்கிறது!

போன வருஷம் புரட்டாசிக் கடைசி. மழை விட்ட ஒரு சாயங்கால வேளை. செங்கல்பட்டில் இருக்கிற என் வைத்தியசாலைக்கு ஓர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் மனைவியோடு வந்தார். திருக்கழுக்குன்றம் பக்கம் ஊர். வயசு 66. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. அந்த அம்மாவுக்கு 60. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

வாத்தியார் கையில் ஒரு பெரிய பொட்டலம். என் மேஜையில் இருந்த மருந்துப் புட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அதை வைத்தார்.

"டாக்டர், பையன் பெங்களூர்லேருந்து அனுப்பியிருக்கான். ஸ்லீப்பிங் பேக். உள்ளே வாத்து இறகாம். மைனஸ் பதினஞ்சு டிகிரி வரைக்கும் தாங்குமாம். கோயில் நடை சாத்தறதுக்குள்ளே கேதார்நாத் போயிட்டு வந்துடலாம்னு கிளம்பறோம். குளிரைப் பத்திக் கவலை இல்லே, இது பார்த்துக்கும். மூச்சு வாங்காம இருக்க மட்டும் ஏதாவது லேகியம் குடுங்க."

நான் லேகியம் கொடுக்கவில்லை. அந்தப் பையைப் பிரித்து, அதில் தைத்திருந்த துணி லேபிளைப் படித்தேன். படித்ததும் எனக்கே கொஞ்சம் நடுக்கம் வந்தது!

'சித்த வைத்தியருக்கும் ஸ்லீப்பிங் பேக்குக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. மார்கழியில் இருபது டிகிரிக்கே தலையில் மப்ளர் கட்டுகிற ஊர் நம்ம செங்கல்பட்டு. மாமல்லபுரம் கடற்கரையில் 'குளிருது' என்றால், ஒரு போர்வை அதிகம் என்று அர்த்தம். இந்த ஊர்க்காரர்கள்தான் இன்றைக்குக் கேதார்நாத், மணாலி என்று கிளம்புகிறார்கள். காலேஜ் பிள்ளைகள் கொழுக்குமலையில் கூடாரம் போட்டுத் தூங்குகிறார்கள். போகட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் குளிருக்கு என்ன வாங்குவது, எதை நம்புவது என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் பெரியவர்கள் இல்லை. அவர்கள் அந்தக் குளிரைப் பார்த்ததே கிடையாதே! கடைக்காரர் சொல்வதும் லேபிளில் இருப்பதும்தான் வேதம்.

டவுன் என்றால் என்ன?

இந்தப் பைகளில் 'டவுன்' அடைத்திருப்பதாகச் சொல்வார்கள். டவுன் பஸ்ஸில் வரும் டவுன் இல்லை! வாத்து, பெருவாத்து இவற்றின் மார்பிலும் வயிற்றிலும், வெளி இறகுக்கு அடியில், தண்டே இல்லாமல் பஞ்சு மாதிரி ஒரு மென்மயிர் இருக்கும். அதுதான். தமிழில் இதற்கு அழகான பழைய சொல் உண்டு: தூவி. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், வாடைக் காலத்தில் அரசி படுக்கும் கட்டிலில் அன்னத்தின் தூவி வைத்த அணைதான் விரித்திருக்கிறது. ஆக, நமக்கு இது புதுசு இல்லை.

நேரில் பார்க்க வேண்டுமா? மார்கழி, தை மாதத்தில் நம்ம வேடந்தாங்கல் ஏரிக்கரையில் போய் நில்லுங்கள். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் வடக்கே குளிர் தேசத்திலிருந்து வந்து இறங்கியிருக்கும். அவ்வளவு குளிரை அவை தாங்குவது இந்தத் தூவிச் சட்டையால்தான். பழனி மலைப் பக்கத்துத் தலைவன் பேகன், மயிலுக்குக் குளிருமே என்று போர்வை கொடுத்தான். அந்த மனசுக்கு ஒரு கும்பிடு. ஆனால் வைத்தியனாகச் சொல்கிறேன், மயிலுக்கு அது தேவைப்பட்டிருக்காது. அது போர்வையோடேதான் பிறந்தது!

தூவி எப்படிச் சூடு காக்கிறது? சின்ன வயசில் தெருவில் பஞ்சு அடிக்கிறவர் வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? வில்லைத் தட்டித் தட்டி அடித்தால், அமுங்கிக் கிடந்த இலவம்பஞ்சு மெத்தை பொங்கி எழும். பஞ்சு அதே பஞ்சுதான். உள்ளே காற்று புகுந்துகொண்டது, அவ்வளவுதான். நகராமல் அடைபட்ட அந்தக் காற்றுதான் குளிரை உள்ளே விடாது, உடம்புச் சூட்டை வெளியே விடாது. தூவி இதே வேலையை இன்னும் குறைந்த எடையில் செய்கிறது. 'ஃபில் பவர் 600, 800' என்று போட்டிருப்பது, ஒரு அவுன்ஸ் (28 கிராம்) தூவி எத்தனை கன அங்குலத்துக்குப் பொங்கும் என்ற கணக்கு. எண் கூடினால் எடை குறையும், விலை ஏறும். '90/10' என்று இருந்தால் 90 பங்கு தூவி, 10 பங்கு சாதா இறகு. விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்குகிற சிலதில் இறகுத் தண்டு கையில் குத்தும். அமுக்கிப் பாருங்கள், குத்தினால் வைத்துவிட்டு வாருங்கள்.

பை அடுப்பு இல்லை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பை ஒரு துளி சூடுகூட உண்டாக்காது. அது ஃபிளாஸ்க் மாதிரி. உள்ளே ஊற்றிய காபி சூடாக இருந்தால் சூட்டைக் காக்கும். ஆறின காபியை ஊற்றினால் ஆறின காபிதான்.

சூடு தருவது உங்கள் உடம்பு. சும்மா படுத்திருக்கிற ஒரு பெரிய ஆளின் உடம்பு ஏறக்குறைய 70, 80 வாட் பல்பு அளவுக்கு வெப்பம் தருகிறது. எங்கள் சித்த மருத்துவத்தில் இதை 'அழல்' என்போம். அந்த அழல் எல்லாருக்கும் ஒரே மாதிரி எரியாது. வயசானால், சதை வற்றினால், சாப்பாடு குறைந்தால், தைராய்டு மந்தமானால் திரி தாழும். இருபத்தைந்து வயசுப் பையனுக்குச் சுகமாக இருக்கிற அதே பைக்குள், அவன் அப்பா விடிய விடிய விறைத்துக் கிடப்பார்.

லேபிளில் மூன்று எண்

வாத்தியாருடைய பையின் லேபிளில் மூன்று எண்கள் இருந்தன. கம்ஃபர்ட் 5, லிமிட் 0, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 15. இவை சும்மா போட்டது இல்லை. ஐரோப்பாவில் 2002-ல் வந்த இஎன் 13537 என்ற தர அளவும், 2016-ல் அதன் இடத்தில் வந்த ஐஎஸ்ஓ 23537-ம் சொல்கிற எண்கள். சூடேற்றிய ஒரு பொம்மைக்கு உள்ளாடை, காலுறை போட்டு, அடியில் மெத்தை விரித்து, பைக்குள் படுக்க வைத்துச் சோதிக்கிறார்கள்.

'கம்ஃபர்ட்' என்பது, ஒரு பெண் கைகால் நீட்டி நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். 'லிமிட்' என்பது, ஓர் ஆண் சுருண்டு படுத்தால் சமாளிக்கக்கூடிய குளிர். 'எக்ஸ்ட்ரீம்' என்றால்? அந்தக் குளிரில் ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிரோடு இருக்கலாம். தூக்கம் கிடையாது, விரல் நுனி கறுத்துப் போகலாம், உயிர் மட்டும் தங்கும். பெரிய எழுத்தில் அட்டைப் பெட்டியில் அச்சடிப்பது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான்! மகன் அதைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறான். பாவம், அவன்மேல் தப்பு இல்லை.

இன்னொரு சங்கதி கேளுங்கள். இந்தக் கணக்கில் வருகிற 'ஆண்' 25 வயசு, 73 கிலோ. 'பெண்' 25 வயசு, 60 கிலோ. நம்ம வாத்தியாருக்கு 66 வயசு. பன்னிரண்டு வருஷச் சர்க்கரை.

ஆகவே என் கணக்கு இதுதான். போகிற இடத்தின் ராத்திரிக் குளிர் எவ்வளவு என்று கேளுங்கள். 'கம்ஃபர்ட்' எண் மட்டும் பாருங்கள். அது அந்தக் குளிரைவிட இன்னும் 5 டிகிரி கீழே இருக்க வேண்டும். அறுபது தாண்டியவர்கள், ஒல்லியானவர்கள், எப்போதும் கால் ஜில்லிட்டுப் போகிறவர்கள் 10 டிகிரி கீழே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணும் போடாமல் 'மைனஸ் 20' என்று ஒற்றை எண் மட்டும் போட்ட பையை நான் நம்பமாட்டேன்.

குளிரைக் கணக்குப் போடவும் ஒரு வழி உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். கேதார்நாத் 3,500 மீட்டருக்கு மேலே. ஏறுகிற உயரத்துக்கு மட்டுமே 23 டிகிரி போய்விட்டது. அதோடு வடக்குக் குளிரையும் சேர்த்தால், ஐப்பசி ராத்திரியில் அங்கே தண்ணீர் உறையும். கம்ஃபர்ட் 5 போட்ட பை எந்த மூலைக்கு?

குளிர் கீழேயிருந்து ஏறும்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலம். மூலிகை பார்க்க நாலைந்து பேராகக் கொடைக்கானல் மேல்மலைக்குப் போனோம். தை மாசம். ராத்திரி ஒரு பழைய கட்டடத்தில் சிமெண்ட் தரை. கீழே ஒரு ஜமக்காளம் விரித்து, வீட்டிலிருந்து கொண்டுபோன இரண்டு கம்பளியையும் மேலே போர்த்திக்கொண்டு படுத்தேன். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. எங்களுக்கு வழிகாட்ட வந்த மலைக்காரப் பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, குளிரு மேலேருந்து வரலே. கீழேருந்து ஏறுது. மேலே போட்டதுல ஒண்ணை எடுத்துக் கீழே போடு."

சொன்னதோடு நிற்காமல் காய்ந்த புல்லை அள்ளிக்கொண்டு வந்து ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார். அதன் மேல் படுத்தேன். கண் அயர்ந்தது. ஐந்தரை வருஷப் படிப்பில் சேராத ஒரு பாடத்தை அன்றைக்கு அந்த மனுஷரிடம் கற்றுக்கொண்டேன்.

தூவிப் பைக்கும் இதே விதிதான். நீங்கள் படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கிற தூவி அமுங்கிப்போகும். காற்று போய்விட்டது, காவலும் போய்விட்டது! தரையோ சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் பைக்குச் செலவு செய்யும் முன்னால் அடியில் போடுகிற பாய்க்குச் செலவு செய்யுங்கள். மூடின நுரைப் பாய் நாலைந்து நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. நம்ம கோரைப்பாய் உடம்புச் சூட்டைத் தணித்துத் தூக்கம் தரும் என்று பெரியவர்கள் சொன்னது கத்திரி வெயிலுக்கு. பனிமலைக்கு அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்!

கடற்கரைக்காரர்களுக்கு எந்தப் பை?

வாத்தியார் மனைவி அதுவரை பேசாமல் இருந்தார். மெதுவாகக் கேட்டார்: "நாங்க சுத்த சைவம் டாக்டர். சாமி மலைக்குப் போய் வாத்து இறகுக்குள்ளேயா படுக்கறது?"

நல்ல கேள்வி. பைகளில் அடைக்கிற தூவி பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கிற வாத்திலிருந்து வருவதுதான். மனசு ஒப்பாதவர்களுக்குச் செயற்கை நார் அடைத்த பை இருக்கிறது. கொஞ்சம் கனம், கொஞ்சம் பருமன். ஆனால் விலை குறைவு, நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும், சீக்கிரம் காயும். தூவியோ, ஈரம் பட்டால் கோழி மழையில் நனைந்த மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எடை குறைவாக வேண்டும், வருஷா வருஷம் உயரமான இடத்துக்கு முதுகில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும் என்றால் தூவி ஒசத்தி. சந்தேகமே இல்லை. என்றைக்கோ ஒருநாள் போகிறவர்களுக்கு நார்ப் பையே போதும் என்பது என் கட்சி.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, நான் பட்ட அனுபவம். ஆசைப்பட்டு ஒரு தூவிப் பை வாங்கினேன். ஒரு பயணம் போய்வந்து, அதன் சின்ன உறைக்குள் இறுக்கித் திணித்துப் பரண்மேல் போட்டேன். இரண்டு மழைக்காலம் போனது. பிரித்தால் கோழிக்கூண்டு வாசனை! உள்ளே எல்லாம் கட்டி கட்டியாக. நம்ம கடலோரக் காற்றில் எப்போதும் ஈரம். மாமல்லபுரத்தில் இரும்பு ஜன்னலே நாலு வருஷத்தில் துருப்பிடிக்கிறது, தூவி எம்மாத்திரம்! தப்பு பையின்மேல் இல்லை, என்மேல்தான். தூவிப் பையை வீட்டில் வைக்கும்போது உறையிலிருந்து எடுத்து, பழைய பெட்ஷீட்டில் தளர்வாகச் சுற்றி, காற்றாடுகிற இடத்தில் வைக்க வேண்டும். நிழலில் அவ்வப்போது உலர்த்த வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். ரிஷிகேஷ், மணாலி மாதிரி ஊர்களில் வாடகைக்குத் தருகிற கடைகள் இருக்கின்றன. யாத்திரைக் கூடாரங்களில் கனமான ரஜாய் தருவார்கள். முன்கூட்டியே கேட்டு, ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

'யார் யாரோ படுத்த பையாச்சே, சொறி சிரங்கு வராதா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி: பழைய எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் தைத்துவிடுங்கள். மேலே வாய் திறந்த உறை ரெடி. அதற்குள் புகுந்துகொண்டு பைக்குள் படுங்கள். ஊருக்கு வந்து கொதிநீரில் அலசிப் போட்டால் முடிந்தது.

இதையும் கேளுங்கள்

* நடந்து வியர்த்த துணியோடு பைக்குள் போகாதீர்கள். உலர்ந்த துணி, உலர்ந்த காலுறை, தலைக்குக் குல்லா.

* வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள். விறகு இல்லாமல் அடுப்பு எரியுமா? நெய் சேர்த்த சாதம், வெல்லம், கடலை, எது கிடைத்தாலும் சாப்பிடுங்கள். சர்க்கரைக்காரர்கள் தங்கள் டாக்டர் சொன்ன அளவோடு.

* மூக்கைப் பைக்குள் புதைத்து மூச்சு விடாதீர்கள். மூச்சின் ஈரம் தூவியை நனைக்கும்.

* சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகக் கஷாயம் தொண்டைக்கு இதம். அவ்வளவுதான். கம்பளி செய்கிற வேலையை எந்தச் சூரணமும் செய்யாது. இதை ஒரு சித்த வைத்தியனே சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

* 'குளிருக்கு ஒரு பெக்' என்கிற பேச்சே வேண்டாம். சாராயம் தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடு மாதிரி ஏமாற்றும். உள்சூட்டை வெளியே கொட்டிவிடும்.

* சர்க்கரையால் கால் மரத்தவர்கள் சுடுநீர்ப் பையைக் காலடியில் வைக்காதீர்கள். வெந்து கொப்பளித்தாலும் தெரியாது.

* கூடாரத்துக்குள், அறைக்குள் கரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ கூடவே கூடாது. 2020 ஜனவரியில் நேபாளத்தில் தாமன் என்ற மலையூரில், குளிர் தாங்காமல் அறைக்குள் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கிய கேரளக்காரர்கள் எட்டுப் பேர் எழுந்திருக்கவே இல்லை. அதில் நாலு பேர் குழந்தைகள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

* உயரத்தில் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் அது குளிர் இல்லை, உயர நோய். அதற்கு மருந்து பை இல்லை, கீழே இறங்குவதுதான்.

பை பார்த்துக்கொள்ளாது

கடைசியாக ஒன்று. உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. முதலில் நடுங்கும். பிறகு நாக்கு குழறும், பேச்சு தடம் மாறும், தூக்கமாக வரும். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிடும். 'அப்பாடா, குளிர் விட்டுது' என்று பக்கத்தில் இருப்பவர் நினைப்பார். உண்மையில் அப்போதுதான் உயிருக்கு ஆபத்து முற்றுகிறது. இது அந்த ஆளுக்கே தெரியாது. கூட இருக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால்தான் அன்று சாயங்காலமே வாத்தியார் மகனுக்குப் போன் போட்டேன். "தம்பி, நல்ல மனசோட பை அனுப்பியிருக்கீங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு நாக்கு குழறினா அந்தப் பை எழுந்து பார்க்காது. வைகாசிக்குத் தள்ளி வையுங்க. ஹார்ட், சர்க்கரை எல்லாம் செக் பண்ணுங்க. நீங்களும் கூடப் போங்க" என்றேன். ஒரு நிமிஷம் பேச்சு இல்லை. "லீவு கிடைக்காதே டாக்டர்" என்றார். பிறகு, "பார்க்கறேன்" என்றார்.

வாத்தியாருக்கு என்மேல் வருத்தம்தான். டிக்கெட் ரத்தாகிக் காசு போனது. ஒரு மாசம் என் பக்கம் வரவே இல்லை.

இந்த வருஷம் வைகாசியில் மூன்று பேருமாகப் போய்வந்தார்கள். நடுவழியில் இரண்டு ராத்திரி தங்கி, உடம்பைப் பழக்கி, மெதுவாக ஏறினார்களாம். கீழே நுரைப் பாய், மேலே ஆளுக்கு இரண்டு ரஜாய், உள்ளே வேட்டி உறை. அந்த அம்மாதான் சொன்னார்: "ராத்திரியில ரெண்டு தடவை பையன் எழுந்து எங்க காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான் டாக்டர், ஜில்லுனு இருக்கான்னு."

பெற்றவர்களைக் குளிர்மலைக்கு அனுப்புகிற பிள்ளைகளே, பை வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. லேபிளைப் படித்து வாங்குங்கள். அதோடு ராத்திரியில் காலைத் தொட்டுப் பார்க்க ஓர் ஆளையும் கூட அனுப்புங்கள். நீங்களே போனால் இன்னும் நல்லது.